பழைய காரின் முன்பகுதிச் சத்தமும் ஆட்டமும்: தேய்ந்த மூட்டை அறிகுறியிலிருந்து கண்டறியும் முறை

பெங்களூரில் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய காரை, முன்பகுதியில் சத்தம் வருகிறது என்று சொல்லிப் பணிமனையில் விட்டால், மாலையில் கிடைக்கும் மதிப்பீடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "சஸ்பென்ஷன் ஃபுல்லா போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்." இரண்டு லோயர் ஆர்ம், இரண்டு லிங்க் ராட், இரண்டு டை ராட் எண்ட், இரண்டு ரேக் எண்ட், இரண்டு ஸ்ட்ரட் மவுண்ட் என்று நீளும் அந்தப் பட்டியலில் உண்மையில் தேய்ந்திருப்பது ஒன்றோ இரண்டோதான். சில வேளைகளில் தேய்ந்த பொருள் பட்டியலிலேயே இருப்பதில்லை என்பதால், எல்லாவற்றையும் மாற்றிய பின்பும் தெருமுனை ஹம்ப்பில் (வேகத்தடையில்) அதே 'டக்' கேட்கும்.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மூட்டில் உள்ள ஆட்டம் எல்லா நேரமும் வெளியே தெரிவதில்லை. அதன்மேல் எந்தத் திசையில் சுமை விழுகிறது என்பதைப் பொறுத்தே அது தன்னைக் காட்டிக்கொள்ளும். தரையில் நிற்கும்போது தெளிவாகத் தெரியும் ஆட்டம் லிஃப்டில் தூக்கியவுடன் மறைந்துவிடலாம். தூக்கினால் மட்டுமே தெரியும் ஆட்டம் தரையில் ஒளிந்திருக்கும். காரைத் தூக்கிச் சக்கரத்தை நான்கு முறை ஆட்டிவிட்டு முடிவு சொல்வது இதனால்தான் பல நேரம் தவறிப்போகிறது. எனவே அறிகுறி எந்தச் சுமையில் தோன்றுகிறது என்பதை முதலில் பிடித்து, அதே சுமையை நின்ற நிலையில் உண்டாக்கி, ஆட்டத்தைக் கண்ணாலோ கையாலோ உறுதி செய்த பிறகே உதிரிபாகக் கடைக்குப் போக வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கும் கொண்ட கார்களுக்கானவை. மாருதி 800, ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா, ஸ்விஃப்ட் எல்லாம் இந்த வகைதான். அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றின் முன்பக்க அமைப்பே வேறு என்பதால் அவற்றுக்கு இந்த வழிமுறை அப்படியே பொருந்தாது.

மூட்டுகள் இருக்கும் வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வருபவை எளிதில் விளங்கும். ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்கும் தண்டு, யூனிவர்சல் ஜாயிண்ட் வழியாகப் பினியன் என்னும் சிறு பல்சக்கரத்தைச் சுழற்றி, ரேக் என்னும் பற்கள் வெட்டிய கம்பியை இடவலமாக நகர்த்துகிறது. ரேக்கின் இரு முனைகளிலும் ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும் உருண்டை மூட்டு ரேக் எண்ட். அதிலிருந்து நீளும் கம்பியின் வெளி முனையில், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடித்திருப்பது டை ராட் எண்ட். நக்கிளின் கீழ்ப்பகுதியை லோயர் ஆர்மோடு இணைப்பது பால் ஜாயிண்ட். ஆர்மின் உள் முனையை ரப்பர் புஷ்கள் வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கின்றன. நக்கிளின் மேற்பகுதி, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டோடும், ஸ்ட்ரட்டின் உச்சி ரப்பர் மவுண்ட், பேரிங் வழியாக உடலோடும் இணைகின்றன. இரு பக்கச் சஸ்பென்ஷனையும் குறுக்கே கோக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனைகளில் உள்ளவையே லிங்க் ராடுகள்.

தொடங்குவதற்கு முன்

டயர்க் காற்றழுத்தத்தைக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்குச் சரிசெய்து, சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும். டிக்கியில் உருளும் ஜாக்கியையும் ஸ்பானர்களையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். இதைச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் கட்டு தளர்ந்த ஸ்டெப்னி எழுப்பும் சத்தத்திற்காக லிங்க் ராடு மாற்றியவர்கள் இருக்கிறார்கள். தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை: ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று, தாங்கும் ஸ்டாண்டுகள் இரண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டைகள், நீண்ட டயர் லிவர், டார்ச், சாக்பீஸ், ஸ்டியரிங்கைத் திருப்ப ஓர் ஆள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள நிறுத்துமிடம் இதற்குப் பொருத்தமான இடம். தரை சமமாக இருக்கும், சுவர்கள் சத்தத்தைத் திருப்பித் தரும், ஏறி இறங்க ஒரு சரிவுப் பாதையும் உண்டு. குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியைப் பெறுவது தனிக் கலை. அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

மெதுவாகச் செல்லும்போது சிறு மேடுபள்ளங்களில் 'டக் டக்'

இதுவே மிகுதியாகக் கேட்கும் புகார். கேபிள் பதிக்கத் தோண்டி மூடிய குறுக்குப் பள்ளங்கள், ஒயிட் டாப்பிங் (தாரின்மேல் கான்கிரீட் போட்ட) சாலையின் விளிம்புகள், தேய்ந்த சர்வீஸ் ரோடு ஆகியவற்றில் 15 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, உலர்ந்த உலோகம் உலோகத்தில் தட்டுவது போலச் சத்தம் வரும். வேகம் கூடினால் அது குறைந்தது போலவோ மறைந்தது போலவோ தோன்றும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. அதே சாலையில் அதே வேகத்தில் செல்லும்போது பிரேக் பெடலை மிக லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். சத்தம் உடனே நின்றுவிட்டால், அது பெரும்பாலும் காலிப்பரில் (டிஸ்க்கைப் பேடுகளால் கவ்வும் பிரேக் பகுதியில்) தளர்ந்து ஆடும் பிரேக் பேடோ தேய்ந்த காலிப்பர் பின்னோதான். சஸ்பென்ஷன் பக்கம் போக வேண்டியதே இல்லை.

சத்தம் நிற்கவில்லை என்றால் அடுத்த கேள்வி, இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறும்போது வருகிறதா, ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது வருகிறதா என்பது. சாலையின் முழு அகலத்துக்கும் போடப்பட்ட ஹம்ப்பில் நேராக ஏறினால் இரு சக்கரங்களும் ஒரே அளவு உயர்வதால், ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படாமல் சும்மா சுழலும். லிங்க் ராடுகளுக்கு அப்போது வேலை மிகக் குறைவு. அதே ஹம்ப்பில் சாய்வாக, ஒரு சக்கரம் முந்தி ஏறுமாறு சென்றால் பார் முறுக்கப்படும், லிங்க் ராடுகளின்மேல் சுமை விழும். நேராக ஏறும்போது அமைதியும் சாய்வாக ஏறும்போது சத்தமும் இருந்தால் சந்தேகம் லிங்க் ராடின் மீதோ, பாரை அடிச்சட்டத்தில் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷின் மீதோ விழ வேண்டும். இரண்டு விதத்திலும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட், ஷாக் அப்சார்பரின் உச்சி நட்டு, பால் ஜாயிண்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

லிங்க் ராடைச் சோதிப்பதில்தான் பணிமனைகள் அதிகம் ஏமாறுகின்றன. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை ஒரு திசையில் இழுத்துப் பிடித்துவிடும். அந்த நிலையில் தேய்ந்த மூட்டுகூட இறுக்கமாகவே தோன்றும். நான்கு சக்கரங்களும் சமதரையில் நிற்கும்போது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பி, சக்கரத்தின் பின்புறமாகக் கையை நுழைத்து லிங்க் ராடைப் பற்றி மேலும் கீழும் வேகமாக அசைத்துப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டு பக்கவாட்டில் இறுக்கமாகச் சுழலும், ஆனால் மேல்கீழாக இடம் கொடுக்காது. 'கட்' என்று விரலுக்குத் தெரிந்தால் அது தேய்ந்துவிட்டது.

ஐயம் தீரவில்லை என்றால் லிங்க் ராடைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் முறையும் உண்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: ஒரு பக்க லிங்க்கைக் கழற்றினாலே பாரின்மேல் முறுக்கு விழுவது நின்றுவிடுவதால், மறுபக்க லிங்க்கும் சேர்ந்து மௌனமாகிவிடும். எனவே இடப்பக்கத்தைக் கழற்றியதும் சத்தம் நின்றது என்பதால் இடப்பக்கம்தான் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பாரும் அதன் இணைப்புகளும்தான் சத்தத்தின் ஊற்று என்பது மட்டுமே அதிலிருந்து உறுதியாகிறது. வளைவுகளில் வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும் என்பதால், இந்தச் சோதனையைக் குடியிருப்புத் தெருக்களுக்குள் மெதுவாக மட்டுமே செய்ய வேண்டும். பாரின் முனைகளே லோயர் ஆர்மை முன்பின்னாகப் பிடித்திருக்கும் வடிவமைப்பும் உண்டு. மாருதி 800 அத்தகையது. அதில் பாரைக் கழற்றிவிட்டு வண்டியை நகர்த்தவே கூடாது.

ஸ்ட்ரட் மவுண்ட்டைப் பார்க்க பானெட்டைத் திறந்து, உச்சியில் உள்ள மூடியை எடுத்துவிட்டு, ஒருவர் வண்டியின் மூலையை அழுத்தி அழுத்தி விட, மற்றவர் நட்டின்மேல் விரலை வைத்துப் பார்க்கலாம். ரப்பர் சற்று நெகிழ்வது இயல்பு. தட்டுவதுபோல் துள்ளினால் அது இயல்பன்று.

பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் ஒரே ஒரு 'டொக்'

சிக்னலில் நிற்கும்போது ஒரு டொக், முதல் கியரில் கிளம்பும்போது இன்னொரு டொக், ரிவர்ஸ் எடுத்துவிட்டுப் பிரேக் பிடித்தால் மீண்டும் ஒன்று; இந்த வரிசை தெளிவாகக் கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷை முதலில் சந்தேகிக்கலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, கிளம்பும்போது முன்னோக்கி இழுக்கப்படுகிறது. புஷ்ஷின் ரப்பர் கிழிந்திருந்தால் அந்த இரு நிலைகளுக்கும் இடையே ஆர்ம் தாவுகிறது; நாம் கேட்பது அந்தத் தாவலின் சத்தம். ஒரு பக்கப் புஷ் மட்டும் கிழிந்திருந்தால் பிரேக் பிடித்தவுடன் வண்டி ஒரு பக்கம் இழுத்துவிட்டு, பிரேக்கை விட்டதும் நேராகும். காலிப்பர் சிக்கிக்கொண்டாலும் இதே இழுப்பு வரும் என்பதால், சற்று ஓட்டிய பிறகு இரு முன் சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் பிரேக்கைக் கவனிக்க வேண்டும்.

நின்ற நிலையில் இதை உறுதி செய்ய, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, ஒருவர் கிளட்ச்சை மிக மெதுவாகப் பாதி விட்டு முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் வண்டியை நகர முயலச் செய்ய வேண்டும். மற்றவர் வண்டியின் பக்கவாட்டில், சக்கரத்துக்குத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது. சக்கரம் அதன் வளைவுக்குள் முன்பின்னாகத் தாவுவது கண்ணுக்குத் தெரிந்தால் புஷ் முடிந்துவிட்டது. தாவலே இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினைப் பார்க்க வேண்டும். எஞ்சின் மவுண்ட் கிழிந்தாலும் இதே டொக் கேட்கும், அப்போது எஞ்சின் தூக்கிப் போடுவது வெளிப்படையாகத் தெரியும்.

புஷ்ஷைக் கண்ணால் பார்க்கும்போது மேற்பரப்பில் உள்ள நுண்ணிய வெடிப்புகளைக் கண்டு பதற வேண்டியதில்லை. பழைய ரப்பரில் அவை இருக்கத்தான் செய்யும். லிவரால் நெம்பும்போது ரப்பர் உலோக உருளையிலிருந்து பிரிந்து வாய் திறந்தால் அதுவே கிழிசல்.

ஸ்டியரிங் நடுவில் தளர்ச்சி, நேர்ச்சாலையில் அலைதல்

ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி நோக்கிப் போகும்போது வண்டி தானாக இடமும் வலமும் மேய்கிறது, அடிக்கடி சிறு திருத்தம் தேவைப்படுகிறது என்பவர்கள் முதலில் ஸ்டியரிங்கின் வெற்றாட்டத்தை அளக்க வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங் வீலின் விளிம்பை ஒற்றை விரலால் இரு பக்கமும் நகர்த்த வேண்டும். சாலைச் சக்கரம் அசையத் தொடங்குவதற்கு முன் விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்பதே வெற்றாட்டம். பல சிறிய கார்களின் பணிமனைக் கையேடுகள் இதற்கு 0 முதல் 30 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றன. தங்கள் வண்டிக்கான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்வதே சரி.

வெற்றாட்டம் அதிகமாக இருந்தால் அது எந்த இடத்தில் விழுங்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும்போதே சோதிப்பதுதான். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக, கால் சுற்றுக்கும் குறைவாக, வேகமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டயர் தரையைப் பற்றிக்கொண்டு திரும்ப மறுப்பதால் வரிசையில் உள்ள ஒவ்வொரு மூட்டின்மேலும் முழுச் சுமை விழும். மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து வர வேண்டும்.

டாஷ்போர்டுக்குக் கீழே, பெடல்களுக்கு அருகில் உள்ள யூனிவர்சல் ஜாயிண்ட்டின் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதித்தால் ஆட்டம் அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழே ரேக்கின் உடலே பக்கவாட்டில் நகர்ந்தால் ரேக்கைப் பிடிக்கும் ரப்பர் புஷ் தளர்ந்துள்ளது; இதைக் கவனிக்காமல் ரேக்கையே மாற்றச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. அடுத்து, ரேக்கின் முனையிலுள்ள மடிப்பு ரப்பர் உறையைக் கையால் அழுத்தி உள்ளே இருக்கும் ரேக் எண்ட்டைப் பற்றிக்கொண்டால், அதில் ஆட்டமிருந்தால் உள்ளங்கைக்குத் தட்டல் தெரியும். கடைசியாக டை ராட் எண்ட்: ஒரு விரல் கம்பியின் முனையிலும் இன்னொரு விரல் நக்கிளிலும் படுமாறு வைத்தால், இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய விலகல்கூட விரலுக்குப் புலப்படும். கண்ணைவிட விரல் இங்கே கூர்மையானது.

இவை எல்லாம் இறுக்கமாக இருந்தும் கரடுமுரடான சாலையில் ஸ்டியரிங் வீலிலேயே கடகடப்பு தெரிந்தால், ரேக்கின் உள்ளே இருக்கும் வழிகாட்டிப் புஷ் தேய்ந்திருக்கலாம். அது பினியனுக்கு எதிர்ப்பக்கத்தில், நம் ஊர் வண்டிகளில் இடப்பக்கத்தில் இருக்கும். இடப்பக்க டை ராடை ரேக்கின் அருகே பற்றி மேல்கீழாக அசைத்தால் அந்த ஆட்டம் தெரியும். ரேக்கின் சரிசெய்யும் நட்டை இறுக்கி இந்தச் சத்தத்தை அடக்கித் தருவதாகச் சொல்வார்கள்; அதிகமாக இறுக்கினால் ஸ்டியரிங் திரும்பி வராமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்த வேலைக்கு நான் உடன்படுவதில்லை.

முன்பக்கம் முழுவதும் நன்றாக இருந்தும் அலைச்சல் நீடித்தால் பின் ஆக்ஸில் புஷ்களையும் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங் இறுகுதல், திரும்பி வராமை, நிறுத்தும்போது 'டொய்ங்'

தளர்ச்சி மட்டுமே தேய்மானத்தின் அடையாளம் அன்று. உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மழைநீர் புகுந்து துருப்பிடித்த பால் ஜாயிண்ட் முதலில் இறுகும், தளர்வது பிறகுதான். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகாமல் விட்ட இடத்திலேயே நிற்பது அதன் அறிகுறி. நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது போன்ற ஓசை கேட்டால் ஸ்ட்ரட்டின் உச்சியிலுள்ள பேரிங் பிடித்துக்கொண்டுள்ளது. ஒருவர் திருப்ப, மற்றவர் ஸ்பிரிங்கின்மேல் மென்மையாகக் கையை வைத்தால் அது சுற்றாமல் முறுக்கிக்கொண்டு திடீரென்று துள்ளுவதை உணரலாம். சுருள்களுக்கு இடையே விரலை நுழைக்க வேண்டாம்.

கீச்சுச் சத்தம் எந்த மூட்டிலிருந்து வருகிறது என்று தெரியாதபோது, ஒவ்வொரு மூட்டின்மேலும் தனித்தனியே தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பது பலன் தரும். ரப்பர் புஷ்களின்மேல் எஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ பூசக் கூடாது. ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

முழுதாகத் திருப்பிக்கொண்டு முடுக்கும்போது வரும் தொடர்ச்சியான 'டிக்டிக்டிக்' இவற்றோடு சேர்ந்ததன்று. அது ஆக்ஸிலின் சி.வி. ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பியிருக்கும்போதும் எஞ்சினின் சுழற்சியை அதற்குக் கடத்தும் மூட்டு. அதன் உறை கிழிந்திருந்தால் சக்கரத்தின் உட்புறம் முழுவதும் கிரீஸ் தெறித்திருக்கும்.

வேகத்தில் நடுக்கம்

நகருக்குள் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் வாய்ப்பே அரிது என்பதால், ஓசூர் சாலையில் அத்திபெலே தாண்டிய பிறகே பலர் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கிறார்கள். 80-க்கும் 100-க்கும் இடையே ஸ்டியரிங் நடுங்கி, அதற்கு மேல் குறைந்தால் முதலில் பேலன்ஸிங்கும், பள்ளத்தில் விழுந்து நெளிந்த ரிம்மும்தான் காரணம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க். ஆனால் பேலன்ஸ் செய்தும் மீண்டும் மீண்டும் நடுக்கம் வருகிறது என்றால், டை ராட் எண்ட்டிலோ ஆர்ம் புஷ்ஷிலோ உள்ள தளர்ச்சி சிறிய ஏற்றத்தாழ்வையும் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று கொள்ளலாம்.

டயரில் படிந்த தடயம்

டயரின் குறுக்கே உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவ வேண்டும். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் ரம்பப் பல் போன்ற உறுத்தலும் இருந்தால் டோ அளவு, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவு, தவறியுள்ளது. இரு முன் டயர்களின் உள் விளிம்பும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் வெளிநோக்கியும், வெளி விளிம்புகள் தேய்ந்திருந்தால் உள்நோக்கியும் பார்க்கின்றன. சில மாதங்களுக்கு முன்புதான் அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களை அளந்து திருத்தும் வேலை) செய்தும் இப்படித் தேய்ந்தால் அளவைத் தக்கவைத்துக்கொள்ள முடியாத மூட்டு எங்கோ இருக்கிறது. ஆட்டமுள்ள மூட்டோடு அலைன்மெண்ட் செய்தால், இயந்திரத் திரையில் பச்சை நிறத்தில் தெரியும் எண்கள் வண்டி மேடையிலிருந்து இறங்கும்வரைதான் உண்மை. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்த டயருக்குக் காரணம் பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த ஷாக் அப்சார்பர்.

சக்கரத்தைத் தூக்கிச் செய்யும் சோதனை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், மேலே சொன்னவற்றை முடித்துவிட்டால் இங்கே எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாகியிருக்கும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டின்மேல் இருப்பதால் வண்டியின் எடையைப் பால் ஜாயிண்ட் நேரடியாகச் சுமப்பதில்லை. எனவே வண்டியை அடிச்சட்டத்தில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டே சோதிக்க வேண்டும். லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைத்தால் சுருங்கிய ஸ்பிரிங்கின் அழுத்தம் மூட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை மறைத்துவிடும்.

கடிகார முகப்பில் 12, 6 இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பற்றி உள்ளும் வெளியும் அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் உடனே முடிவு கட்டாமல், உதவிக்கு இருப்பவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாமல் இருந்தால் பால் ஜாயிண்ட்டோ ஸ்ட்ரட்டோ. பேரிங்குக்கு வேறொரு சாட்சியும் உண்டு: வேகத்தோடு கூடும் ஹம்மென்ற ஒலி, வலப்பக்கம் வளையும்போது அதிகரித்தால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்கே காரணம், ஏனெனில் எடை அப்போது இடப்பக்கம் சாய்கிறது. பிறகு 3, 9 இடங்களில் பற்றி அசைக்க வேண்டும். இதில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் அது டை ராட் எண்ட், ரேக் எண்ட் வழியே வருவது. இரண்டு நிலைகளிலும் ஒரே அளவு தெரிந்தால் மீண்டும் பேரிங்கையே பார்க்க வேண்டும்.

பால் ஜாயிண்ட்டை உறுதி செய்ய, லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் இடையே லிவரை வைத்து மெதுவாக நெம்பி, மூட்டின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே விலகல் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புஷ்ஷின் நெகிழ்வை மூட்டின் ஆட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்வை மூட்டின்மேலேயே நிலைத்திருக்க வேண்டும். அங்கே கண்ணுக்குத் தெரியும் விலகல் எதுவாயினும் வண்டியை ஓட்டுவதை நிறுத்த வேண்டும். தேய்ந்த லிங்க் ராடு சத்தம் போடும், வளைவில் சற்று அதிகம் சாயவிடும். அதோடு மாதக் கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. பால் ஜாயிண்ட்டோ டை ராட் எண்ட்டோ கழன்றால் அந்தச் சக்கரத்தின்மேல் ஓட்டுநருக்கு எந்தக் கட்டுப்பாடும் இருக்காது. டோ டிரக்கை வரவழைப்பதே அப்போது சிக்கனம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

உதிரிபாகங்களுக்கு ஜே.சி. ரோடு போதும், நின்றுபோன மாடல்களுக்கும் அங்கே தேடினால் பெரும்பாலும் கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். பழைய பொருள்களுக்குச் சிவாஜிநகர் குஜிரிக் கடைகள் பெயர்பெற்றவை. கதவு, விளக்கு, கண்ணாடி போன்றவற்றை அங்கே வாங்குவதில் தவறில்லை. ஆனால் பால் ஜாயிண்ட்டையும் டை ராட் எண்ட்டையும் பயன்படுத்திய பொருளாக வாங்கக் கூடாது. புதிய மூட்டை வாங்கும்போது தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தால் எல்லாத் திசைகளிலும் சீரான இறுக்கம் இருக்க வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். சில வண்டிகளில் பால் ஜாயிண்ட் தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் ஆர்மோடு சேர்ந்தே வரும். புஷ்ஷும் பழையதாக இருந்தால் முழு ஆர்மை வாங்குவதில் தவறில்லை.

டை ராட் எண்ட்டைக் கழற்றும் முன் லாக் நட்டின் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொண்டால், அலைன்மெண்ட் மேடை வரை வண்டி ஒழுங்காகப் போய்ச் சேரும். கூம்புத் தண்டைப் பிரிக்க புல்லரைப் பயன்படுத்துவதே நல்லது. கவட்டைபோன்ற கருவியை அடித்து நுழைத்தால் உறை கிழியும். மூட்டைத் தூக்கி எறியப்போகிறோம் என்றால் மட்டுமே அது பொருத்தம். ஸ்பிளிட் பின்னையும் நைலான் வளையமுள்ள நட்டையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

இங்கே பெரும்பாலான பணிமனைகள் செய்யாத ஒன்றை வற்புறுத்திக் கேட்டுப் பெற வேண்டும். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டுகளை லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் ரப்பர் தொங்கும் கோணத்திலேயே கவ்வப்பட்டு, வண்டி தரையில் இறங்கியவுடன் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். போல்ட்டுகளைக் கையளவு இறுக்கிவிட்டு, வண்டியைச் சக்கரங்களின்மேல் நிறுத்தி, ஒரு முறை அழுத்தி விட்டு, அந்த உயரத்தில்தான் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்ற பதில் வந்தால், குழி உள்ள வேறு பணிமனையைத் தேடலாம். குழியில் வண்டி தன் எடையோடு நிற்பதால் இந்த வேலை அங்கே எளிது.

புதிய பால் ஜாயிண்ட் போட்ட பிறகும் பழைய டொக் தொடர்ந்தால், பல வண்டிகளில் அதன் தண்டை நக்கிளில் கவ்விப் பிடிக்கும் குறுக்குப் போல்ட்டை முதலில் பார்க்க வேண்டும். அது தண்டின் பள்ளத்தில் சரியாக அமரவில்லை என்றாலும், கவ்வும் துளை அகன்றுபோயிருந்தாலும் புதிய மூட்டு பழையதைப் போலவே தட்டும். ரப்பர் உறைகளை ஆண்டுதோறும் மழை ஓய்ந்த நவம்பரில் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். உறை கிழிந்து, ஆட்டம் இன்னும் தொடங்காத மூட்டை அப்போதுதான் பிடிக்க முடியும்.

டை ராட் எண்ட், ரேக் எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் ஆகியவற்றில் எதைத் தொட்டாலும் அலைன்மெண்ட் செய்தே ஆக வேண்டும். லிங்க் ராடு மட்டும் மாற்றியிருந்தால் தேவையில்லை. அலைன்மெண்ட் முடிந்து ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால், இரு பக்க டை ராடுகளையும் சமமாக, ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டித் திருத்தச் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டித் தருவதாகச் சொன்னால் சம்மதிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ரேக் நடுவிலிருந்து விலகியே நிற்கும், வண்டி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளையும்.